வாங்காமல் கிடக்கும் மருந்துக் கவர்கள்: காரைக்குடி மெடிக்கல் ஒன்றின் 'எடுத்துவைக்கும்' சேவை எப்படி?

வாட்ஸ்அப்பில் சீட்டை அனுப்பினால் மருந்தை எடுத்துவைக்கிறோம் என்று சொல்லாத மெடிக்கல் காரைக்குடியில் இன்று குறைவு. எடுத்துவைப்பது பெரிய காரியமில்லை, பையன் ஒருவன் போதும். எடுத்துவைத்ததை வாங்க ஆள் வராதபோதுதான் கடையின் லட்சணம் தெரியும். அந்த மருந்து எங்கே போகிறது, கணக்கு எப்படித் திரும்புகிறது, வராத ஆளை யார் விசாரிக்கிறார்கள்? செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருக்கும் ஒற்றை ஷட்டர் மெடிக்கல் ஒன்றின் இந்தச் சேவையைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. எத்தனை பர்சன்ட் தள்ளுபடி, உட்கார நாற்காலி உண்டா என்பதெல்லாம் இங்கே பேச்சில்லை.

முதலில் ஆர்டர் கொடுக்கும் முறை. சீட்டு முழுசாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பவேண்டும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் தெரியவேண்டும். மடிப்பில் பாதி மறைந்திருந்தால் வேறு படம் கேட்பார்கள். பதிலில் எது இருக்கிறது, எது இல்லை, மொத்தம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வரலாம் என்று வரும். அதற்கு நீங்கள் 'சரி' என்று போட்ட பிறகுதான் கவர் கட்டுகிறார்கள். பல கடைகளில் இது தலைகீழ்: முதலில் கட்டிவிட்டு, கவுண்டரில் நிற்கும்போது தொகையைச் சொல்வார்கள். ஆயிரத்து எண்ணூறு என்றதும், "பணம் எடுத்துட்டு வர்றேன்" என்று போகிறவர் திரும்புவதில்லை. ஒரே படத்தை நாலு கடைக்கு அனுப்பி, எங்கே விலை இறங்குகிறது என்று பார்ப்பதும் நம் ஊரில் சகஜம். தொகையை முன்னாலேயே சொல்லிவிட்டால் அந்த நாலில் மூன்று கடை வீணாகக் கட்டவேண்டியிருக்காது.

இரண்டு போன் நம்பர் கேட்பார்கள்: சீட்டை அனுப்புகிறவருடையது, வந்து வாங்குகிறவருடையது. இதற்குக் காரணம் நம் ஊர்க் குடும்பங்களின் அமைப்பு. மகன் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீட்டில் ஆச்சி மட்டும். சீட்டை அனுப்புவது மகன், வாங்கவேண்டியது டிரைவரோ வீட்டு வேலை பார்ப்பவரோ. 'மருந்து தயார்' என்ற செய்தி மகனுக்கு மட்டும் போனால், அவர் அலுவலகத்திலோ தூக்கத்திலோ இருப்பார். வீட்டில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது, கவர் கடையிலேயே கிடக்கும். இரண்டாவது நம்பர் கொடுக்காதவர்களிடம் இந்தக் கடை விடாமல் கேட்கிறது. சிலருக்கு எரிச்சல் வரலாம், ஆனாலும் கொடுத்துவிடுவது நல்லது.

கவரில் ஒட்டும் சீட்டில் பெயர் சின்னதாகவும், போன் நம்பரின் கடைசி நான்கு எண் பெரிதாகவும் இருக்கும். அய்யா பெயரைப் பேரனுக்கும், ஆச்சி பெயரைப் பேத்திக்கும் வைக்கிற சீமை இது. ஒரே வீட்டு வகையறாவில் மூன்று வள்ளியம்மை, இரண்டு லெட்சுமணன் இருப்பார்கள். அதில் இருவருக்காவது சுகர் மாத்திரை இருக்கும். பெயர் வரிசையில் அடுக்கினால் கை தவறாமல் இருக்காது. அதனால் ரேக்கை நம்பரின் கடைசி இரண்டு எண்ணை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பெயருக்குக் கீழே ஊர், வீட்டு விலாசம், எத்தனை பொருள், கட்டிய தேதி. விலாசம் என்றால் கதவு எண் இல்லை, நகரத்தார் வீடுகளுக்குத் தலைமுறையாக வரும், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்கள். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கொடுக்கும் விதமும் சரியாக இருக்கிறது. "வள்ளியம்மை ஆச்சிக்குத்தானே?" என்று கேட்டால் வந்தவர் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார். இங்கே, "யாருக்குண்ணே மருந்து? எந்த ஊரு, எந்த வீடு?" என்று கேட்டு, பதில் அவர் வாயிலிருந்தே வரவேண்டும் என்று நிற்கிறார்கள். பிறகு கவரைப் பிரித்து, ஒவ்வொரு அட்டையாக எடுத்து அசல் சீட்டோடு வைத்துப் பார்ப்பார்கள். அசல் சீட்டு இல்லாமல் போனால் சீட்டு மருந்துகளைத் தரமாட்டார்கள். கொடுத்ததும் கடை முத்திரையும் தேதியும் சீட்டில் டாக்டர் கையெழுத்துக்கு மேலே விழும். 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 65-ஆவது விதி கேட்பது இதுதான். பாதிக் கடைகள் மறந்துபோன விஷயம்.

இனி உள்ளே போகலாம், அங்கேதான் சரக்கு இருக்கிறது. பில்லைக் கட்டும்போதே போடுவதா, வாங்கும்போது போடுவதா? கட்டும்போதே போட்டால் சாஃப்ட்வேரில் ஸ்டாக் கழிந்துவிடும். ஆள் வரவில்லை என்று வையுங்கள். கணக்கில் அந்த மாத்திரை பூஜ்யம், ரேக்கில் கவருக்குள் நாலு அட்டை. ராத்திரி ஆர்டர் போடும்போது சாஃப்ட்வேர் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு இன்னும் பத்து அட்டை கேட்கும். மறுநாள் வேறொருவர் அதே மாத்திரையைக் கேட்டால், முதுகுக்குப் பின்னால் நாலு அட்டையை வைத்துக்கொண்டு பையன் 'ஸ்டாக் இல்லை' என்பான். பத்து நாள் கழித்துக் கவரைப் பிரிக்கும்போது பில்லை ரத்து செய்யவேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பியாகிவிட்டதென்றால், பில் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட்டு வேறு. இதற்குச் சோம்பல்பட்டு, மாத்திரையை மட்டும் ரேக்கில் சொருகிவிட்டுக் கணக்கை அப்படியே விடுகிற கடைகள் நிறைய. அங்கே கணக்கில் இல்லாத சரக்கு சேர்ந்துகொண்டே போகும். எக்ஸ்பைரி ரிப்போர்ட்டில் அது வராது. கடைக்குச் சரக்கு தரும் ஸ்டாக்கிஸ்ட்டிடம் திருப்பும் கெடு தாண்டிய பிறகு ஒருநாள் கையில் அகப்படும்.

இந்தக் கடை ஹோல்ட் போடுகிறது. ஸ்டாக் கழியாது, ஒதுக்கியதாக நிற்கும். ராத்திரி ஆர்டருக்கு அது இருப்பில் சேர்ந்து தெரியும்; கவுண்டரில் நிற்பவருக்கு 'ஒதுக்கியது' என்று தெரியும். அவசரமாக ஒருவர் வந்து நின்றால், இன்னும் வராதவரின் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஸ்டாக்கிஸ்ட்டிடம் சொல்லி சாயங்காலத்துக்குள் ஈடுகட்டவும் வழி இருக்கிறது. பில் பணம் வாங்கும்போதுதான். இந்த முறையின் அருமை 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி தெரிந்திருக்கும்: பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிய நாள். 21-ஆம் தேதி கட்டி 23-ஆம் தேதி வாங்கிய கவருக்கு, ஹோல்ட் முறையில் புது விலை தானாக வரும். முன்னாலேயே பில் அடித்து வைத்த கடையில் ஒவ்வொரு கவரையும் பிரித்து மறுபில் போடவேண்டும், இல்லையென்றால் வாடிக்கையாளரோடு வாக்குவாதம்.

அமெரிக்கக் கடைகளில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு வால் உண்டு. அங்கே மருந்து கட்டும்போதே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பில் போய்விடுகிறது. ஆள் வரவில்லையென்றால் அதைத் திருப்பியே ஆகவேண்டும். அதனால் இரண்டு வாரத்துக்குள் கவரைப் பிரிக்கும் வழக்கம் கறாராக இருக்கிறது. நம் ஊரில் கைக்காசு வியாபாரம், கேட்க ஆளில்லை. மாதக்கணக்கில் கவர் தூங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எச்1 பட்டியல் மருந்துகள் தனிக் கதை. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பட்டியல் இது: வீரியமான ஆன்டிபயாடிக்குகள், டி.பி. மருந்துகள், சில தூக்க மாத்திரைகள். இவற்றை விற்றால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறவேண்டும். பதிவேட்டை மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். கட்டும்போதே எழுதிவிட்டால், ஆள் வராதபோது கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகப் பதிவேடு பொய் சொல்லும். அடித்துத் திருத்தினால் இன்ஸ்பெக்ஷனில் கேள்வி வரும். இங்கே கவரில் சிவப்புப் புள்ளி ஒன்று வைத்துவிட்டு, கையில் கொடுக்கும்போது எழுதுகிறார்கள். அதனால் எச்1 மருந்து இருந்தால் கவுண்டரில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நிற்கவேண்டிவரும். 'எடுத்துவைத்த மருந்துக்கு எதுக்கு இவ்வளவு நேரம்' என்று கோபப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

வாங்க ஆள் வராத கவரை ஏழாம் நாள் பிரித்து, மருந்தை ரேக்கில் திருப்பி வைக்கிறார்கள். கடை திறந்த கையோடு, கூட்டம் வருமுன். கட்டியவரே பிரிக்கக் கூடாது, பார்மசிஸ்ட் ஒருவர் பிரிப்பார், இன்னொருவர் ஸ்கிரீனில் ஹோல்ட் லிஸ்ட்டைப் பார்த்துச் சொல்வார். மருந்துப் பெயர், மில்லிகிராம், பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்), எக்ஸ்பைரி நான்கையும் வாய்விட்டுச் சொல்லியே சரிபார்க்கிறார்கள். இது சும்மா சடங்கில்லை. 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயமாகியிருக்கிறது. மற்றவற்றுக்குக் கண்தான் ஸ்கேனர். கிளைமிபிரைடு என்ற சுகர் மாத்திரையில் 1 மில்லிகிராமும் 2 மில்லிகிராமும் ஒரே கம்பெனி அட்டையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பெயருக்குப் பின்னால் 'எம்' என்று ஒரு எழுத்து கூடினால் கூடவே மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மருந்தும் சேர்ந்தது என்று அர்த்தம். 'எக்ஸ்எல்' என்றால் மெதுவாகக் கரைவது. திரும்பிய அட்டை பக்கத்து டப்பாவுக்குள் போய்விட்டால், நாளைக்கு அவசரத்தில் எடுக்கிறவன் டப்பாவின் மேல் உள்ள பெயரை நம்பி எடுப்பான். மருந்து மாறிப்போகும் தவறுக்கு வழி இப்படித்தான் திறக்கும். கட்டும்போது வரும் பிழையைக் கொடுக்கும்போது பிடித்துவிடலாம். திருப்பி வைக்கும்போது வரும் பிழை, எடுக்கிறவனும் சரிபார்க்கிறவனும் ஒரே அசதியில் இருக்கிற நாள்வரை ஒளிந்திருக்கும்.

வெட்டிய அட்டையில்தான் இந்தக் கடையின் கை சுத்தம் தெரிகிறது. பெரும்பாலான அட்டைகளில் பேட்ச் நம்பரும் தேதியும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். 15 மாத்திரை அட்டையில் 6 கேட்டால், அச்சு இல்லாத ஓரத்திலிருந்து வெட்டவேண்டும். கடையில் மிஞ்சும் 9 மாத்திரையோடு தேதி நிற்கவேண்டும். எந்த ஓரம் கைக்கு வந்ததோ அங்கே கத்தரி வைத்தால், மிஞ்சியது பேர் ஊர் தெரியாத துண்டு. அதை விற்கவும் முடியாது, கம்பெனி திருப்பி எடுக்கவும் மாட்டான். இங்கே வெட்டிக் கொடுக்கும் துண்டைச் சின்ன பேப்பர் கவரில் போட்டு, அதன்மேல் பேட்ச், எக்ஸ்பைரி இரண்டையும் பேனாவால் எழுதுகிறார்கள். வாங்குகிறவருக்கும் நல்லது, திரும்பி வந்தால் கடைக்கும் நல்லது. திரும்பிய துண்டை மிச்ச அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுவிடுவார்கள். மிச்ச அட்டை அதற்குள் விற்றுப்போயிருந்தால் துண்டுகளுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. அடுத்து சில்லறையாகக் கேட்கிறவருக்கு முதலில் அங்கிருந்துதான். முழு அட்டைகளில் தேதி கிட்டத்தில் இருப்பது முன்னால் நிற்கும்.

பேட்சை இவ்வளவு பார்ப்பது ஏன் என்றால், தரக்குறைவு என்று சோதனையில் தெரிந்த மருந்துகளை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் பேட்ச் நம்பரோடு வெளியிடுகிறது. அந்த பேட்ச் யாருக்குப் போனது என்று பில்லில் தேடவேண்டிய நாளில், திருப்பி வைத்த சரக்கின் பேட்ச் குழம்பியிருந்தால் தேடுவது வீண். நோயாளி பெயர் உள்ள ஒட்டுச்சீட்டைக் கிழித்துத் தனிப் பையில் போடுகிறார்கள், குப்பைத்தொட்டியில் அப்படியே எறிவதில்லை. சின்ன ஊர், யாருக்கு என்ன மாத்திரை என்று கடைவாசலில் பேசப்படக் கூடாது.

சில பொருள் கவருக்குள் போவதே இல்லை. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்கும். கவரில் நீலச் சீட்டு ஒன்று மட்டும் கிடக்கும். ஆள் வந்ததும் எடுத்து, ஜெல் பேக்கோடு தருவார்கள். ஜெல் பேக் இன்சுலினைத் தொடாதபடி நடுவில் ஒரு காகித மடிப்பு வைப்பார்கள். உறைந்த இன்சுலின் பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே கெட்டுப்போயிருக்கும், அதனால் அந்த மடிப்பை வீட்டுக்குப் போகும் வழியில் பிரித்துவிடாதீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் வெப்பநிலை நோட்டு தொங்குகிறது, காலை மாலை எழுதுகிறார்கள். கரண்டு போனால் இன்வெர்ட்டர். கடையை விட்டு வெளியே போன குளிர்ப் பொருளை, ஐந்து நிமிஷமே ஆனாலும், திருப்பி எடுப்பதில்லை. இதற்காகச் சண்டை போடாதீர்கள், அவர்கள் செய்வது சரி. குழந்தைகளுக்கான பவுடர் ஆன்டிபயாடிக் சிரப்பும் அப்படித்தான். தண்ணீர் கலக்காமல்தான் வைத்திருப்பார்கள். கலந்த பிறகு மருந்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம்தான் அதற்கு ஆயுசு.

நினைவூட்டும் முறையில் கொஞ்சம் புத்திசாலித்தனம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி மூன்று மெசேஜ் என்று வைத்துக்கொள்ளவில்லை. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, இதய மாத்திரை, இன்சுலின் இவற்றுக்கு மறுநாளே பார்மசிஸ்ட் போன் செய்கிறார். நாள் தவறினால் ஆபத்து இவற்றில்தான். புதிதாக எழுதிய ஆன்டிபயாடிக் என்றால் அன்று சாயங்காலமே. இரண்டு நாள் போனபிறகு கூப்பிட்டால் வேறு கடையில் வாங்கியிருப்பார், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பார். சத்து மாத்திரைக்கும் தைலத்துக்கும் ஒரே ஒரு மெசேஜ். போனில் பேசும் தொனியும் நன்றாக இருக்கிறது: "ஆச்சி, மாத்திரை கைவசம் இருக்கா, இல்ல தீந்துபோச்சா?" என்றுதான் ஆரம்பம். 'எப்போ வந்து எடுப்பீங்க' என்று கடன்காரன் மாதிரி கேட்பதில்லை. முதல் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.

அந்தப் பதிலை ஒற்றை எழுத்தில் குறித்துக்கொள்கிறார்கள். 'வி' என்றால் விலை. 'ஊ' ஊரில் இல்லை. 'ம' டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். 'அ' அரசு மருந்து கிடைத்துவிட்டது. 'வே' வேறு கடை. இந்த ஐந்தெழுத்து ஒரு கடைக்கு எவ்வளவு சொல்லும் என்று பாருங்கள். 'அ' கூடுகிறதென்றால், மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்து சேர்கிறது. 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குள் இருப்பவருக்கு மாதாமாதம் பழக்கதோஷத்தில் கவர் கட்டுவது வீண். அவரிடம் வேறு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் முறை, அதைத்தான் செய்கிறார்கள். 'ஊ' தை மாதத்தில் கூடும். குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கக் கிளம்பினவர் திரும்பி வர நாளாகும். அந்தச் சமயத்தில் ஏழு நாள் கெடுவைத் தளர்த்துகிறார்கள். இன்னும் நல்லது, கிளம்புவதற்கு முன்னாலேயே மாத்திரையைக் கொடுத்தனுப்புவது. மார்கழிக் கடைசியில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும். இதை ஏன் இன்னும் செய்யவில்லை என்று புரியவில்லை.

'வி' வந்தால்தான் சிக்கல். விலை குறைந்த வேறு பிராண்டை டாக்டரைக் கேட்காமல் மாற்றிக் கொடுக்க விதியில் இடமில்லை. சீட்டு மருந்துக்குப் பதில் வேறு தயாரிப்பு, உள்ளே இருப்பது அதே மருந்தானாலும், கூடாது. டாக்டருக்குப் போன் செய்து சம்மதம் வாங்கி, சீட்டில் மாற்றி எழுதி வாங்கிவரச் சொல்கிறார்கள். முடியாதவர்களிடம் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப்பாருங்கள் என்று சொல்கிறார்கள். வியாபாரியிடம் இது அபூர்வம்.

பணப்பெட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. வந்த சீட்டு, முழுசாகக் கட்டியது, பாக்கி வைத்தது, வாங்கியது, பிரித்தது என்று ஐந்து வரி. வாரம் ஒருமுறை அழித்து எழுதுகிறார்கள். எந்தப் பையன் பெயருக்கு எதிரேயும் எண் இல்லை, அது ரொம்ப நல்லது. பிரித்த கவரின் எண்ணை ஆள்வாரியாகப் போட்டால் என்ன ஆகும் என்று தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஆறாம் நாள் ஹோல்டை எடுத்துவிட்டு அதே கவருக்குப் புது ஹோல்ட் போடுவார்கள், நாள் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். கவர் அங்கேயே கிடக்கும், எண் மட்டும் அழகாக இருக்கும்.

பாக்கியைத் தனி வரியாகப் போட்டதும் சரிதான். ஐந்து மருந்தில் ஒன்று இல்லை, மதுரையிலிருந்து நாளைக்கு வரும் என்றால், அந்த ஒன்றுக்காகத் திரும்ப வருகிறவர் கொஞ்சம் பேர்தான். பிரித்த கவர்களில் பாக்கிக் கவர் எத்தனை என்று பார்த்தால் கொள்முதலில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். அதனால் பாக்கிப் பொருளை மட்டும் அருகில் உள்ள இடங்களுக்குப் பையனிடம் கொடுத்தனுப்புகிறார்கள்.

ஆனால் கணக்குப் போடும் விதத்தில் இரண்டு கோளாறு. இந்த வாரம் பிரித்ததை இந்த வாரம் கட்டியதால் வகுக்கிறார்கள். இந்த வாரம் பிரித்ததோ போன வாரம் கட்டியது. பொங்கல் வாரத்தில் கட்டுவது குறைவு, பிரிப்பது முந்தின வாரத்துச் சரக்கு. சதவீதம் எகிறிப் பயமுறுத்தும். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கும். கட்டிய தேதிதான் கவரிலேயே இருக்கிறதே, அந்த வாரத்துக் கவர்களில் எத்தனை கடைசியில் பிரிந்தது என்று பின்னாலிருந்து எண்ணினால் சரியாகிவிடும். இன்னொன்று, கவரை எண்ணுகிறார்கள், ரூபாயை எண்ணுவதில்லை. 60 கவரில் 6 பிரிந்தால் பத்து சதவீதம். அந்த ஆறும் இருமல் மருந்தாக இருந்தால் கவலையில்லை; அதில் ஒன்று தனியாக வரவழைத்த மூவாயிரம் ரூபாய் மருந்தாக இருந்தால் அந்த வாரத்து லாபம் அதிலேயே போகும்.

லாபக் கணக்கு எவ்வளவு மெலிசு என்பதைப் பார்த்தால் இது புரியும். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு, 2013-ஆம் வருஷத்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சில்லறைக் கடைக்கு அவன் வாங்கும் விலையில் 16 சதவீதம். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், 100 ரூபாய்க்கு வாங்கியது 116. அதில் பத்து பர்சன்ட் தள்ளுபடி கொடுத்தால் மிஞ்சுவது நாலரை ரூபாய்கூட இல்லை. திருப்ப முடியாமல் ஒரு பெட்டி காலாவதியானால், அதை ஈடுகட்ட அதே மாதிரி 23 பெட்டி விற்கவேண்டும். வாடகை, கரண்டு, சம்பளம் இதில் சேரவில்லை. எனவே தனியாக வரவழைக்கும் மருந்துக்குப் பாதிப் பணம் முன்பணம் கேட்கிறார்கள் என்றால் அது நியாயம்தான். வாங்காவிட்டால் முன்பணத்தை உடனே திருப்புவதில்லை. சரக்கு விற்றாலோ ஸ்டாக்கிஸ்ட் எடுத்துக்கொண்டாலோ திருப்புகிறார்கள். இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடவேண்டும். சில நேரம் சொல்வதில்லை, கவுண்டரில் குரல் உயர்வது பெரும்பாலும் இதனால்தான்.

பலகைக்கு வெளியே இரண்டு அளவுகோல் ஓடுகிறது, இரண்டும் பிடிக்கவில்லை. ஒன்று 'இருபது நிமிஷத்தில் தயார்'. அந்த இருபது நிமிஷம் நீங்கள் சீட்டை அனுப்பிய நேரத்திலிருந்து இல்லை, பையன் மெசேஜைத் திறந்த நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கிளினிக்குகள் விடும் நேரத்தில், காலை பதினொன்றுக்கும் ராத்திரி எட்டுக்கும், மெசேஜைத் திறக்காமலே விட்டுவைப்பது நடக்கிறது. திறந்தால் கடிகாரம் ஓடுமே! வாடிக்கையாளருக்கு முக்கால் மணி, கணக்கில் பதினெட்டு நிமிஷம். இன்னொன்று சராசரி பில் தொகைக்கு வைத்திருக்கும் ஊக்கத்தொகை. அதனால் கவரை நீட்டும்போது கூடவே ஒரு சத்து பவுடர் டப்பாவும் கவுண்டருக்கு வருகிறது. வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனாலும் வயதானவர்கள் அதையும் டாக்டர் எழுதியது என்று நினைத்து வாங்கிப்போகிறார்கள். பிரித்த கவரைப் பற்றி இவ்வளவு யோசித்த கடை, இந்த ஊக்கத்தொகையை எடுத்துவிட்டு, முழுசாகக் கொடுத்த சீட்டுக்கு அதே காசைக் கொடுக்கலாம். பையன்கள் சத்து பவுடருக்குப் பதில் பாக்கி மருந்தைத் துரத்துவார்கள்.

தானாகப் போகும் 'மருந்து தயார்' மெசேஜ் ஆங்கிலத்தில் வருகிறது. வாங்க வருகிற டிரைவருக்கும் ஆச்சிக்கும் அது எதற்கு? தமிழில் ஒரு வரி, கூடவே கடைசி நான்கு எண், தொகை, 'அசல் சீட்டைக் கொண்டுவரவும்' என்று போட்டால் பாதிப் பேர் இரண்டாவது தடவை நடக்கவேண்டியதில்லை.

போவதற்குமுன் சில விஷயம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை, ஞாயிறு கெடு முடியும் கவரைத் திங்கள்தான் பிரிப்பார்கள். மாசி-பங்குனித் திருவிழா நாட்களில் வண்டி சந்துக்குள் வராது, நடந்துதான் போகவேண்டும். ஏழு நாளுக்குள் வரமுடியாது என்றால் ஒரு போன் போட்டுச் சொன்னால் இன்னும் ஏழு நாள் வைத்திருப்பார்கள். அதற்குமேல் கேட்டால் பிரித்துவிட்டு, வரும்போது புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்வார்கள். மருந்து வேண்டாம் என்று ஆகிவிட்டாலும் அதே நம்பருக்கு 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிடுங்கள், காரணமும் சொன்னால் குறித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.